ஹனோயில் ஒரு ‘யா’

“நீதான். உன்னை விட்டால் வேறை ஆர்—”

“சொல்லி முடிக்க விடு சாந்தா, நான் அண்டைக்கு வீட்டை விட்டே—”

“என்னத்தை முடிக்க? என்ரை பிள்ளையின்ரை கலியாணத்தை முடிச்சது காணாதோ?”

“வாயைக் கழுவு! அவளை மடியிலை வைச்சுச் சோறு தீத்தினவள் நான்—”

“தீத்தின கையாலைதானே எழுதினனீ!”

“கடிதம் கொம்பியூட்டரிலை அடிச்சது. எனக்கு போனிலை ஒரு மெசேஜ் அடிக்கவே வராது, உனக்குத் தெரியாதோ?”

“அடிக்கத் தெரிஞ்ச ஆளைப் பிடிச்சிருப்பாய்!”

“அக்காமார்,” என்றது கதவடியிலிருந்து ஒரு ஆண்குரல். “நீங்கள் ரெண்டு பேரும் பிறகு கருகுங்கோ. முதலிலை அந்த ரோல்ஸை எடுங்கோ. அது ஒருத்தருக்கும் கடிதம் எழுதேல்லை.”

எண்ணெய்த் தாச்சியில் முப்பது ரோல்ஸ் கறுத்துக்கொண்டிருந்தன. ஜேர்மனியில் எசன் நகரின் வடக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் இறைச்சிக் கடையாக இருந்த அந்தச் சமையலறையில் சாந்தாவும் டொறத்தியும் பத்தொன்பது வருடமாகக் கலியாண வீடுகளுக்கும் சாமத்திய வீடுகளுக்கும் சேர்ந்து சமைத்து வந்தார்கள். அந்தப் பத்தொன்பது வருடத்தில் அங்கே கருகிய முதல் ரோல்ஸ் இவைதாம்.

அடுப்பை அணைத்தவர் பேர்பெச்சுவா அக்கா. டொறத்தி போன் எடுத்து அழுததால் வந்தவர். இருபத்தெட்டு வருடம் அகதி விசாரணைகளிலும் நீதிமன்றங்களிலும் மறியல் என்ற சிறைச்சாலைகளிலும் தமிழைக் கேட்டு ஜேர்மனில் சொன்னவர். எது பட்ட கதை, எது பாடமாக்கிய கதை என்று அவருடைய காதுக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்தாலும் மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கக் கூடாது என்பது வேலைச் சட்டம். போன வருடம் அவர் ஓய்வு பெற்றார். சட்டமும் கூடவே ஓய்வு பெற்றது.

கதவடியில் நின்று பேசியவன் சஞ்சயன். நாற்பத்தொரு வயது, டாக்சி ஓட்டுகிறான். பேர்பெச்சுவாவை எங்கும் ஏற்றி இறக்குவது அவன் வேலை. மீட்டர் ஓடாது, வாய் ஓடும்.

“கடிதத்தைக் காட்டும் சாந்தா,” என்றார் பேர்பெச்சுவா.

சாந்தா கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இரண்டே வரி. *உங்கள் மகன் யதுசனுக்குப் பேசிய பெண் தேனுஜா முன்னமே ஒருவனோடு பதிவுக் கலியாணம் எழுதி எட்டு மாதத்தில் ரத்துச் செய்தவள். இப்படிக்கு, நன்மை விரும்பி.*

“நன்மை விரும்பியாம்,” என்றான் சஞ்சயன். “எங்கடை சனத்திலை நன்மை விரும்புறவைக்கு ஒரு நாளும் பேர் இருக்காது.”

“எப்ப வந்தது?”

“யூலை ஒன்பது, புதன்கிழமை. மாப்பிள்ளையின்ரை தாய் மங்கையற்கரசி, அவவும் இஞ்சை எசனிலைதான், அவவின்ரை கடிதப் பெட்டியிலை கிடந்தது. முத்திரை இல்லை. ஆரோ கையாலை கொண்டுவந்து போட்டிருக்கினம்.”

“உண்மையோ?”

சாந்தா முகத்தைத் திருப்பினாள். “உண்மைதான். பிள்ளைக்கு இருபத்திரண்டு வயசிலை நடந்த பிழை. மாப்பிள்ளைக்குத் தெரியும், தேனுஜாவே சொன்னவள். அவன் உறுதியா நிக்கிறான். தாய்தான் கலியாணத்தை நிப்பாட்டு எண்டு நிக்கிறா. பிள்ளைகள் ரெண்டும் தங்களுக்குத் தாங்களே மொட்டைக் கடிதம் எழுதாதுகள். அந்தப் பழைய பெடியன் கடல் கடந்து போட்டான், இந்தச் சம்பந்தம் அவனுக்குத் தெரியாது. மிச்சம் இந்த உலகத்திலை நாலு பேருக்குத்தான் தெரியும். நான். இவள். என்ரை அக்கா ரஞ்சினி. அத்தான். அக்காவும் அத்தானும் யூலை நாலிலை இருந்து பதினாலு மட்டும் வியட்நாமிலை. அப்ப ஆர்?”

“அக்காவுக்கு இந்தச் சம்பந்தத்திலை மனத்தாங்கல் ஒண்டும் இல்லையோ?”

“அக்காவுக்கோ? இது முதல் அவவின்ரை மகள் நிலக்சிக்குப் பேசின இடம். சரிவரேல்லை. அப்பவும் ஒரு சொல்லுச் சொல்லாமல் ‘சாந்தா, உன்ரை பிள்ளையெண்டாலும் நல்லா இருக்கட்டும்’ எண்டவ. அக்கா தெய்வம்.” டொறத்தியின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “திங்கட்கிழமை பூட்டு மாத்துறன். இவ வரத் தேவையில்லை.”

டொறத்தி ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தாள். அதன் மேல் கடைச் சாவியை, பத்தொன்பது வருடத் திறப்பை, வைத்தாள். ஐம்பத்தேழு வயதில் அந்தச் சமையலறைக்கு வெளியே அவளுக்கு வேறு வேலையும் இல்லை, வேறு சிநேகிதியும் இல்லை. அதைச் சொல்லிக் கெஞ்சுகிற பழக்கமும் அவளுக்கு இல்லை.

“திங்களுக்கு முதல் இன்னும் ரெண்டு நாள் கிடக்கு,” என்றார் பேர்பெச்சுவா. “உங்கடை அத்தான் வியட்நாமைப் பற்றி என்ன சொல்லுறார்?”

“என்னத்தைச் சொல்லேல்லை எண்டு கேளுங்கோ. நாளைக்குப் பின்னேரம் சங்க மண்டபத்திலை படம் காட்டி விளக்கம் சொல்லப்போறார்.”

“அப்ப நாங்களும் வியட்நாம் போவம், சஞ்சயன்.”

“போவம் அக்கா. விசா தேவையில்லாத வியட்நாம் இது ஒண்டுதான்.”

* * *

மண்டபத்தில் அறுபது பேர் இருந்தார்கள். அதில் நாற்பது பேர் இடைவேளையில் தின்னத் தரும் பற்றிஸுக்காக வந்தவர்கள். மேடையில் சங்கத் தலைவர் பரராசசிங்கம், அறுபத்து மூன்று வயது, ஜூலை வெக்கையில் கோட்டுப் போட்டு நின்றார். தலைப்பை அவரே எழுதியிருந்தார்: ‘வியட்நாமில் பத்து நாள் – உணவும் உலாவும்’. முன்வரிசையில் மனைவி ரஞ்சினி, கோயில் சிலை போல ஆடாமல் அசையாமல் இருந்தாள்.

“அன்பான சபையோரே, ஹனோய்!” என்றார், ஏதோ தானே கட்டிய நகரம் மாதிரி.

திரையில் ஒரு ஏரி வந்தது. சிவப்புப் பாலம் வந்தது. வீடுகளின் வாசற்படியை உரசிக்கொண்டு போகும் ரயில் வந்தது. முட்டை அடித்து ஊற்றிய கோப்பி வந்தது. மூங்கில் தொப்பி போட்ட கிழவி ஒருத்தி வாழைப்பழம் விற்றாள்.

“எல்லாம் வலு சோக்கான படங்கள்,” என்று சஞ்சயன் குசுகுசுத்தான். “ஒரு குறைதான் அக்கா.”

“என்ன?”

“ஒரு படத்திலையும் அண்ணை இல்லை. அக்காவும் இல்லை. எங்கடை ஆள் பாரிசுக்குப் போனால் ஈபிள் கோபுரத்தை முழுசா மறைச்சுக்கொண்டு நிண்டுதானே படம் எடுக்கும்?”

பேர்பெச்சுவா சிரிக்கவில்லை. குறிப்புக் கொப்பியில் ஒரு கோடு போட்டார்.

“இது நின் பின் எண்ட நாட்டுப்புறம்,” என்றார் பரராசசிங்கம். நெல்வயலுக்கு நடுவே கறுத்த மலைகள், ஆற்றில் வள்ளங்கள். “வள்ளத்தைக் கையாலை வலிக்க மாட்டினம். மல்லாந்து இருந்துகொண்டு காலாலை வலிப்பினம்!”

சபை ஆவென்றது. எல்லோருடைய போனிலும் அந்த வீடியோ ஏற்கெனவே வந்து போயிருந்தது. அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தெரிந்ததைத் திரும்பக் காட்டுகிறவனைத்தான் எங்கள் சபைகள் அறிஞன் என்று நம்பும்.

“சாப்பாட்டுக்கு வருவம். காலமையே பெரிய கோப்பையிலை மாட்டிறைச்சிச் சூப், உள்ளை அரிசி நூடில்ஸ். நான் இறைச்சியை ஒதுக்கிப்போட்டன், அது வேறை கதை. பக்கத்திலை ஒரு தட்டு நிறைய முளைச்ச பயறு, துளசி மாதிரி ஒரு இலை, தேசிக்காய், இனிப்பான கறுப்புச் சோஸ். ஹனோயிலை எந்தக் கடைக்குப் போனாலும் முதல் இந்தத் தட்டைத்தான் வைப்பினம்.”

இன்னொரு கோடு.

“பாஷையும் படிச்சனான். மரியாதையா ‘ஓம்’ எண்டு சொல்லுறதுக்கு என்ன சொல்லுவினம் தெரியுமோ? ‘யா’! ஜேர்மன்காரன் மாதிரியே, ‘யா’, ‘யா’! நாங்கள் இஞ்சை முப்பத்தஞ்சு வருசம் ‘யா’ சொன்னது அங்கை உதவிச்சுது!”

சபை கை தட்டியது. பேர்பெச்சுவா மூன்றாவது கோடு போட்டுவிட்டு சஞ்சயனை முழங்கையால் இடித்தார். அவன் எழும்பினான்.

“அண்ணை, நேர ஒழுங்கெல்லாம் எப்பிடி?”

“நல்ல கேள்வி. வலு ஒழுங்கான நாடு. காலமை ஆறு மணிக்கே எழுப்பிப்போடுவினம். பின்னேரம் நாலரைக்கெல்லாம் இரவுச் சாப்பாட்டை அறைக்கே கொண்டுவந்து தந்திடுவினம். பிறகு ஒரு மணித்தியாலம் வெளியிலை நடக்க விடுவினம். காத்துப் படும்...” பரராசசிங்கம் கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். “சுத்திப் பாக்கலாம்.”

பேர்பெச்சுவாவின் பென்சில் நின்றது. இம்முறை கோடு போடவில்லை.

பற்றிஸ் நேரத்தில் பெண்கள் ரஞ்சினியைச் சூழ்ந்தார்கள். அங்கே பட்டு நல்லதாமே, முத்து நல்லதாமே என்றார்கள். “நான் ஒண்டும் வாங்கேல்லை,” என்றாள் ரஞ்சினி. பிரிட்ஜில் ஒட்டுகிற ஒரு காந்தப் பொம்மையாவது? “ஒண்டும் வாங்கேல்லை.”

“கொண்டு வந்தாலும் வைக்க இடம் வேணுமே,” என்று சஞ்சயன் இடையில் புகுந்தான். “பத்து நாள் வீடு பூட்டிக் கிடந்ததே அக்கா? ஆரும் வந்து பாத்தவையோ?”

“ஒருத்தரிட்டையும் திறப்புக் குடுக்கேல்லை,” என்றாள் ரஞ்சினி, சட்டென்று. “சாந்தாவிட்டையும் குடுக்கேல்லை. பிறகு அது காணேல்லை, இது காணேல்லை எண்டு கதை வரும்.”

“அதுவும் சரி,” என்றார் பேர்பெச்சுவா.

* * *

“அந்தாள் போகேல்லை,” என்றான் சஞ்சயன், டாக்சியைத் திருப்பிக்கொண்டே.

“ஏன் அப்பிடிச் சொல்லுறீர்?”

“ஒரு குறை சொன்னவரோ? சோறு பச்சை அரிசி, கறியிலை உறைப்பில்லை, கக்கூசிலை தண்ணியில்லை, இப்பிடி ஒண்டு? நாங்கள் சொர்க்கத்துக்குப் போனாலும் முதல் மெத்தையைப் பற்றித்தானே முறைப்பாடு வைப்பம். நான் போன கிழமை டென்மார்க்குக்குக் கலியாணத்துக்குப் போனன். நாலு நாள். வந்து ரெண்டு மணித்தியாலம் குறை சொன்னனான். அதுக்குள்ளை சட்டியிலை நிண்ட என்ரை கறிவேப்பிலைக் கண்டும் இந்த வெக்கையிலை கருகிச் செத்துப்போச்சு, அதுக்கும் டென்மார்க்கைத்தான் பேசினனான்.”

“சூப் கடைக்கு விடும்.”

சூப் கடை லானின் தங்கையுடையது. லான் வியட்நாமிய மொழிபெயர்ப்பாளர். பேர்பெச்சுவாவும் அவளும் ஒரே அலுவலகத்தின் ஒரே தாழ்வாரத்தில் ஒரே பலகை வாங்கில் இருபது வருடம் தங்கள் தங்கள் ஆட்களுக்காகக் காத்திருந்தவர்கள். அவர்களுக்குள் பேச்சு ஜேர்மனில்.

“ஹனோயில் முளைப்பயறா?” என்று லான் சிரித்தாள். கடைக்குள்ளிருந்த தங்கைக்கும் கத்திச் சொன்னாள், அவளும் சிரித்தாள். “வடக்கே அந்தச் சூப்புக்குப் பக்கத்தில் பயறும் துளசியும் கறுப்புச் சோஸும் கேட்டுப் பார், உன்னை வினோதமாகப் பார்ப்பார்கள். அங்கே பூண்டு ஊறிய வினாகிரி, மிளகாய், தோய்த்துத் தின்னப் பொரித்த மாக்குச்சி. அவ்வளவுதான். அந்தத் தட்டு எங்கள் தெற்குப் பழக்கம். சைகோன் பழக்கம்.”

“‘யா’?”

“அதுவும் தெற்கு! எழுத்து ஒன்றுதான். நாங்கள் ‘யா’ என்று வாசிப்போம். ஹனோய்க்காரன் அதே எழுத்தை ‘ஸா’ போலச் சொல்லுவான். சொல்வதும் குறைவு, அவனுக்கு வேறு சொல் இருக்கிறது. உங்கள் ஆட்களில் யாழ்ப்பாணம் எது, மட்டக்களப்பு எது என்று நீ ஒரு வசனத்தில் பிடிப்பாயே, அது மாதிரி.”

சஞ்சயன் மேசையில் தட்டினான். “எனக்கு விளங்கிப்போச்சு அக்கா! ஆள் பேர்லினுக்குப் போயிருக்கு. கிழக்குப் பக்கம் பெரிய வியட்நாம் சந்தை ஒண்டு இருக்கு. அங்கை சூப்பைக் குடிச்சுப்போட்டு ஹனோய் எண்டு—”

லானுக்கு அதை ஜேர்மனில் சொன்னதும் அவள் இல்லையென்று தலையாட்டினாள். “பேர்லினின் கிழக்கே இருப்பவர்களில் அநேகர் சுவர் இருந்த காலத்தில் வடக்கிலிருந்து தொழிற்சாலைக்கு வந்தவர்கள். இந்த ‘யா’ அதிகம் கேட்கவேண்டுமென்றால் இந்தப் பக்கம்தான். எங்கள் அப்பா அம்மாவைப் போலக் கடலில் வந்தவர்கள் வீட்டில்.”

“அப்ப ஆள் இஞ்சை கிட்டடியிலைதான் இருந்திருக்கிறார்,” என்றார் பேர்பெச்சுவா தமிழில்.

சஞ்சயனின் கண் விரிந்தது. “வியட்நாம் பொம்பிளையோ? அறுபத்து மூண்டு வயசிலை?”

“நாலரைக்குச் சாப்பாட்டை அறைக்குக் கொண்டுவந்து குடுத்து, விடிய ஆறு மணிக்கு எழுப்பி, ஒரு மணித்தியாலம் மட்டும் வெளியிலை விடுற பொம்பிளையை உமக்குத் தெரியுமோ?”

“தெரிஞ்சால் நான் ஏன் இன்னும் தனிய இருக்கிறன்.” சஞ்சயன் யோசித்தான். “எதெண்டாலும், ஒன்பதாம் திகதி அண்ணை இஞ்சை நிண்டவர். கடிதம் போட்டது அவர்தான். டொறத்தியக்கா தப்பினா. சரிதானே?”

பேர்பெச்சுவா சூப்பில் பயற்றைக் கொட்டிக் கலக்கினார். “நாளைக்குச் சாந்தாவையும் டொறத்தியையும் அவையின்ரை வீட்டுக்கு வரச் சொல்லும். ரெண்டு பேரையும் ஒரே காரிலை ஏத்தாதையும்.”

* * *

நாலாம் மாடி. தெற்குப் பார்த்த பல்கனி. ஞாயிற்றுக்கிழமை வெயில் கண்ணாடிக் கதவு வழியே உள்ளே வந்து சோபாவில் தானும் ஒரு விருந்தாளி போல உட்கார்ந்திருந்தது. சாந்தா அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தாள். டொறத்தி கதவடியில் நின்றாள். இரு என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை.

ரஞ்சினி தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்து வைத்தாள். வடை நல்ல மணமாக இருந்தது.

“கறிவேப்பிலை வீட்டுக் கண்டோ அக்கா?” என்று சஞ்சயன் எழும்பிப் பல்கனியை எட்டிப் பார்த்தான். “அம்மாடி! தோள் உயரம். காடு மாதிரி நிக்குது.”

“பன்னிரண்டு வருசக் கண்டு,” என்றாள் ரஞ்சினி. அந்த வீட்டில் அவள் பெருமையாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

“சரி, என்ன விசயம்?” என்றார் பரராசசிங்கம். “எனக்கு நாலு மணிக்குச் சங்கத்திலை கூட்டம்.”

“அண்ணை, மூண்டு கேள்விதான்,” என்றார் பேர்பெச்சுவா. “ஹனோயிலை ஏன் சைகோன் சூப் குடிச்சனீங்கள்?”

“சூப் சூப்தானே.”

“ஹனோய்க்காரர் ஏன் உங்களோடை சைகோன் பாஷை கதைச்சவை?”

“அது... வழிகாட்டி அந்தப் பக்கத்துப் பெடியன்.”

“சரி. சுற்றுலா போன ஆள் ‘நடந்தன்’ எண்டு சொல்லும். நீங்கள் நேற்று ‘நடக்க விடுவினம்’ எண்டு சொன்னனீங்கள். நான் இருபத்தெட்டு வருசம் வினைச்சொல்லைப் பிடிச்சுத்தான் சோறு திண்டனான் அண்ணை. கால் உங்கடை கால், விடுறது வேறை ஆரோ. ஒருத்தன்ரை காலை இன்னொருத்தன் மணிக்கணக்கு வைச்சு வெளியிலை விடுற இடம் எனக்கு ஒண்டுதான் தெரியும். கடைசிக் கேள்வி. உங்கடை ஹோட்டல் அறைக் கதவுக்கு உள்பக்கம் கைபிடி இருந்ததோ?”

பரராசசிங்கம் தன் வீட்டுக் கதவின் கைபிடியைப் பார்த்தார்.

“அத்தான்?” என்றாள் சாந்தா.

பரராசசிங்கத்தின் முகத்தில் நிறம் மாறியது. பிறகு, தலைவர்களுக்கு வழக்கமாக வருவது போல, வெட்கத்துக்கு முன்னால் கோபம் வந்தது.

“ஓம்! மறியலிலைதான் இருந்தனான்! எதுக்கெண்டு கேளுங்கோ! நான் சரியாக் கார் விட்டிருக்க, ஒருத்தி வந்து பிழையா நிப்பாட்டினது எண்டு தண்டத் துண்டு எழுதினாள். கழுதை எண்டு சொன்னனான். ஒரே ஒரு தரம்!”

“எந்தப் பாஷையிலை அண்ணை?” என்றான் சஞ்சயன்.

“ஜேர்மனிலை.”

“தமிழிலை சொல்லியிருந்தால் வெளியிலை இருந்திருப்பியள்.”

“உத்தியோகத்தரை அவமதிச்சதாம். தண்டம் கட்டு எண்டவை. கட்ட மாட்டன் எண்டு நிண்டன். கட்டினால் அவள் கழுதை இல்லையெண்டு நான் ஒத்துக்கொண்ட மாதிரி! கட்டாட்டில் உள்ளை இரு எண்டவை. இருந்தன். கொள்கைக்காக!”

“கொள்கைக்காக உள்ளை போனவர் ஏன் வியட்நாம் எண்டு சொன்னனீங்கள்?”

பரராசசிங்கம் வடைத் தட்டை ஒதுக்கி வைத்தார். “சங்கத்திலை தேர்தல் வருகுது.”

சஞ்சயன் வடையால் வாயை மூடிக்கொண்டான்.

“வியட்நாம் எங்கையிருந்து வந்தது?” என்றார் பேர்பெச்சுவா.

“பக்கத்துக் கட்டில்காரன். தாய் தகப்பன் சைகோனிலை இருந்து வந்தவை. பத்து நாளும் சாப்பாட்டைப் பற்றியே கதைச்சவன். சொல்லுச் சொல்லா எனக்குப் படிப்பிச்சவன்.”

“அவர் எப்ப கடைசியா வியட்நாம் போனவராம்?”

பரராசசிங்கம் நிலத்தைப் பார்த்தார். “அவன் இஞ்சை பிறந்தவன். ஒரு நாளும் போகேல்லை.”

போகாதவன் சொன்னதைப் போகாதவன் கேட்டு, ஒரு நாளும் போகப்போகாத அறுபது பேருக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு விளக்கியிருக்கிறார். அவர்களும் கை தட்டியிருக்கிறார்கள்.

சாந்தா எழும்பிவிட்டாள். “அப்ப ஒன்பதாம் திகதி நீங்கள் எசனிலை! என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையை— அத்தான், நீங்களோ அந்தக் கடிதத்தை...”

“பைத்தியமே உனக்கு?” பரராசசிங்கம் அலுமாரியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு உறையை எடுத்து மேசையில் அறைந்தார். “விடுதலைக் கடதாசி! முத்திரையோடை! நாலாம் திகதி காலமை உள்ளை, பதினாலாம் திகதி காலமை வெளியிலை. இடையிலை ஒரு நிமிசம் வெளியிலை விடேல்லை. நான் எந்தக் கடிதப் பெட்டிக்குப் போக? கம்பிக்குள்ளாலை பறந்தோ?”

சஞ்சயனின் முகம் காற்றுப் போன டாக்சி ரயர் மாதிரி ஆகியது. “அக்கா,” என்றான் மெதுவாக, “வியட்நாமாவது பரவாயில்லை, பொய். இது அரசாங்கமே சாட்சி சொல்லுது. டொறத்தியக்காவின்ரை கதை முடிஞ்சுது.”

சாந்தா டொறத்தியைப் பார்த்தாள். டொறத்தி கதவின் கைபிடியைப் பிடித்தாள். “நான் போறன் பேர்பெச்சுவா. பிரயாசைப்பட்டனீங்கள். காணும்.”

“நில்லும் டொறத்தி. இந்தக் கடதாசிக்குத்தான் நான் வந்தனான்.” பேர்பெச்சுவா உறையைப் பிரித்து, கண்ணாடியைப் போட்டு, ஒரு சொல் விடாமல் வாசித்தார். பழைய பழக்கம். “எல்லாம் சரி. அண்ணை உள்ளைதான் இருந்திருக்கிறார். அவர் எழுதேல்லை. ஆனால் இதிலை ஒரு பேர்தான் போட்டிருக்கு.”

“ஒரு ஆள் போனால் ஒரு பேர்தானே போடுவாங்கள்,” என்றார் பரராசசிங்கம் எரிச்சலாக.

“ஓம். ஆனால் வியட்நாமுக்கு ரெண்டு பேரெல்லோ போனவை.”

ரஞ்சினி குடித்து முடியாத தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

“அக்கா?” என்றாள் சாந்தா. தெய்வத்தைக் கூப்பிடுகிற குரல் இல்லை அது.

“நான் நிலக்சி வீட்டை... பக்கத்து ஊர், கேர்ணிலை... பத்து நாளும் அங்கைதான்,” என்றாள் ரஞ்சினி. “நாலாம் திகதி போனன், இவரோடை சேர்ந்துதான் வந்தன். இடையிலை இஞ்சாலைப் பக்கம் வரவேயில்லை.”

“ஒருக்காலும்?”

“ஒருக்காலும்.”

“திறப்பும் ஒருத்தரிட்டையும் குடுக்கேல்லை.”

“அதுதான் நேற்றே சொன்னனே.”

சஞ்சயன் கையிலிருந்த வடையைப் பார்த்தான். அதில் ஒட்டியிருந்த இலையைப் பார்த்தான். மெல்லத் தலையைத் திருப்பிப் பல்கனியைப் பார்த்தான். வடையைத் தட்டில் திருப்பி வைத்தான்.

பேர்பெச்சுவா எழுந்து கண்ணாடிக் கதவைத் தள்ளினார். வெக்கை முகத்தில் அடித்தது. சட்டியில் கைவைத்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். ஒரு கொழுந்தை நிமிர்த்தி விட்டார்.

“ரஞ்சினியக்கா, அந்தப் பத்து நாளும் இந்தக் கண்டுக்கு ஆர் தண்ணி ஊத்தினது?”